உள்ளங்கைச் சாமியார் பார்த்த பொருத்தம்

உள்ளங்கைச் சாமியாரின் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பின்னே? அவர் தரும், கூழ் உறைய வைத்த கண்ணாடித் தட்டில் கையை அழுத்தி மூடி வைத்தால், இரண்டே நாளில் ஆன்மா மஞ்சளும் வெள்ளையுமாக முளைத்துவிடுமே! சொந்த ஆன்மாவைக் கண்ணால் பார்க்க யாருக்குக் கசக்கும்?

முன்வரிசையில் மகளோடு ஒரு பேராசிரியர். உயிரியல் தத்துவம் நடத்துபவர். "மனிதன் தனி ஆள் இல்லை, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வீடு. இதில் 'நான்' என்பது யார்?" என்று வகுப்பில் கேட்டுக் கேட்டே தொண்டை கட்டியவர். தட்டில் முளைப்பது அந்தக் குடித்தனக்காரர்கள்தான் என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. பாடம் கல்லூரியோடு சரி. வீட்டுக்கு வந்தால் பயம்.

பயம் மகளைப் பற்றி. அவள் ஒருவனைக் காதலித்தாள். தட்டுகள் பொருந்தினால்தான் கல்யாணம் என்றுவிட்டார் அப்பா. இருவருக்குமான தட்டுகளை வீட்டுக்கே வாங்கி வந்திருந்தார்.

"சாமி தப்பா சொன்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"வாயக் கழுவு!"

அவள் வாயைக் கழுவவில்லை. ஒரு கையை மட்டும் கழுவினாள்.

இன்று சாமியார் இரண்டு தட்டுகளையும் உயர்த்திப் பிடித்தார். "பொண்ணு ஆன்மா சாந்தம். பையன் தட்டைப் பாருங்க, குமுறுது! ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழ ஒரு வருஷம் தாங்காது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. பேராசிரியருக்குக் கண் கலங்கியது.

மகள் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினாள். "சாமி, சாந்தம் இந்தக் கை. குமுறல் இந்தக் கை. ரெண்டும் என்னோடதுதான். அவர் இந்தத் தட்டைத் தொடவே இல்ல. இந்த ரெண்டு கையும் பொறந்ததுலேர்ந்து ஒண்ணா இருக்குதுங்க. பிரிச்சு வச்சிடலாமா?"

"அது... இடது கை போன ஜென்மம்மா."

"இல்ல சாமி, பூந்தொட்டி மண்ணு. வலது கை சோப்பு."

"அப்போ சோப்புப் போட்டா ஆன்மா போயிடுமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். மண்டபமே சிரித்தது. அந்தச் சத்தத்தில் சாமியார் பின்கதவு வழியே நழுவினார்.

வெளியே வந்ததும் அப்பா முனகினார்: "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"நுண்ணுயிர் பத்தி புஸ்தகமே போட்டவர் நீங்கப்பா!"

"எழுதினேன்... படிக்கல. சரி, மாப்பிள்ளைய நாளைக்கு வரச் சொல்லு."

"கை கழுவிட்டா, கழுவாமலா?"

கோடி உயிர்களுக்குச் சும்மா இடம் கொடுக்கிற உடம்பில் யோசனைக்கும் ஒரு மூலை ஒதுக்கினால், நம் குடி ஒன்றும் முழுகிப் போய்விடாது.