நிலவறைக்கு வந்த சூரியன்

நெருப்பை முதலில் மூட்டியவர் யாரென்று வரலாற்றுக்குத் தெரியாது. ஆனால் சூரியனுக்கு மாற்றாள் நியமித்தவர் யாரென்று எனக்குத் தெரியும்: பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ காய் என்ற தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தம்பிராசா அண்ணை. அவர் தலைவராகவும் நான் செயலாளராகவும் உள்ள ‘குளிர்கால மனச்சோர்வு ஒழிப்பு உபகுழு’ இந்தச் சாதனையை ஒரே கூட்டத்தில் முடித்தது. எந்தக் குழுவின் உபகுழு என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

விஷயம் எளிது, விளக்குகிறேன். கண்ணில் வெளிச்சம் பட்டால்தான் மூளை ‘விடிந்துவிட்டது’ என்று நம்பும். டிசம்பரில் பாரிஸ் சூரியன் ஒன்பது மணியளவில் சோம்பல் முறித்து எழுந்து, ஐந்துக்கெல்லாம் கடையைச் சாத்திவிடும். மூளை குழம்பும். மனிதன் போர்வைக்குள் கிடந்தபடி உலகத்தைத் திட்டுவான்.

ஒழிப்பதற்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். கடையின் சமையற்காரன் தவசீலன் ‘ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டான்’. செவ்ரான் புறநகரில் இருட்டில் ரயிலேறி வந்து, கடைக்குக் கீழே நிலவறைக் குசினியில் இறங்கி, இருட்டிலேயே வீடு திரும்புபவன். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே விடும் இடைவேளையில் மட்டும் மேலே வந்து வானத்தைப் பார்ப்பான். அந்த இடைவேளையை இங்கே எல்லோரும் ‘கூப்பூர்’ என்பார்கள்.

கூட்டத்துக்கு ஆலோசகராக, புதுச்சேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி மர்கரீத் அம்மாவை அழைத்திருந்தோம்.

“அந்தப் பிள்ளைக்கு வேற ஒண்ணும் வேணாம். கூப்பூரை அரை மணி நீட்டி விடுங்க. கால்வாய்ப் பக்கம் நடந்துட்டு வரட்டும்.”

“நடக்கிறது வைத்தியமோ அம்மா? அது எல்லாரும் சும்மா செய்யிறதெல்லோ!” என்றார் தலைவர்.

“சும்மா கிடைக்குதுன்னுதானே சொல்றேன்.”

சும்மா கிடைக்கும் வைத்தியத்தை உபகுழு நிராகரித்தது.

பதிலாக, வெயிலின் வேலையைச் செய்யும் வைத்திய விளக்கொன்று காசுக்கு வாங்கிக் குசினிக்கு வந்தது. வெளிச்சத்தின் அளவு பத்தாயிரம் லக்ஸ். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம். தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து திறந்து வைத்தார். முகமெல்லாம் வெயில் கிறீம்.

“ஐசே, கறுத்துப் போவனோ?”

“கறுக்க வைக்கிற கதிர் இதிலை இல்லை அண்ணை.”

“அப்ப கிறீம் வீணோ?” தலைவருக்கு அங்கேயே கொஞ்சம் மனச்சோர்வு வந்தது.

நான் தெருவுக்குப் போய்க் கைத்தொலைபேசியால் அளந்தேன். முகில் மூடிய வானம்: இரண்டாயிரம் லக்ஸ். குசினியில் விளக்கின் முன்: பத்தாயிரம். அறிவியல் முடிவு தெளிவானது: வெளியே போவது உடல்நலத்துக்குக் கேடு.

மூன்று மணிக்குத் தவசீலன் ஏப்ரனைக் கழற்றினான்.

“எங்கையடா வெளிக்கிடுறாய்?” என்றார் தலைவர்.

“கூப்பூர் அண்ணை. ஒருக்கா வெளியிலை...”

“வெளியிலை ரெண்டாயிரம்! இஞ்சை பத்தாயிரம்! ஐஞ்சு மடங்கை விட்டுப்போட்டு எங்கை ஓடுறாய்? செயலாளர், நீர் சொல்லும்.”

நான் சொன்னேன். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது.

“அதுக்குள்ளை வானம் இல்லையே அண்ணை,” என்றான் தவசீலன்.

“வானத்தை வைச்சு என்னடா செய்யப் போறாய்? ரொட்டியைப் போடு!”

அன்றே கடைக் கண்ணாடியில் ‘பகல் முழுவதும் இடைவிடாத சேவை’ என்று எழுதி ஒட்டப்பட்டது. கூப்பூர் ஒழிந்தது. வாரக் கடைசியில் கீழே இறங்கி, நோயாளியை நேரில் விசாரித்தேன்.

“இப்ப எப்பிடி இருக்கு தவசீலன்?”

“ஓம் அண்ணை,” என்றான், தலை நிமிராமல். ‘பூரண குணம்’ என்று அறிவித்தோம்.

ஜூன் வந்தது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். மர்கரீத் அம்மா கடைக்கு வந்து கேட்டார்: “வெயில்தான் வந்துடுச்சே, அந்தப் பிள்ளைக்குக் கூப்பூரைத் திருப்பிக் குடுத்தீங்களா?”

உபகுழு அவசரமாகக் கூடியது. குளிர்காலம் முடிந்துவிட்டதால் விளக்கை அகற்றத் தீர்மானித்தோம். கூப்பூரோ கோடைகால விவகாரம். குளிர்கால உபகுழுவுக்கு அதில் அதிகாரம் இல்லை என்றும் தீர்மானித்தோம்.

இதை நான் பிற்பகல் நான்கு மணிக்கு, கடையின் ஜன்னலோரம், மடியில் வெயில் விழ உட்கார்ந்து எழுதுகிறேன். ஓர் ஆட்டுக் கொத்துரொட்டி சொல்லியிருக்கிறேன். கீழே தவசீலன் கொத்துவதில் என் மேசை அதிர்கிறது. நீங்களே சொல்லுங்கள்: மனச்சோர்வு பிடித்தவன் இவ்வளவு பலமாகவா கொத்துவான்?