கறுவா எண்ணெயும் காலி வயிறும்

மாமியிடம் நல்ல பெயர் எடுக்கத் துடிக்கும் மருமகளைவிட ஆபத்தான தாதி எந்த வைத்தியசாலையிலும் கிடையாது. நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன். கல்யாணமான புதிது. கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் வேலை.

என் கணவரின் உம்மாவுக்கு வயிற்றில் ஓயாத எரிச்சல். வாய்வழியாகக் கமராக் குழாயை இறக்கிப் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றார் எங்கள் வைத்தியசாலை டொக்டர். அன்றே மாமி, மௌத்தாகப் போகிறவர் போல, திகனயில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டார். (என்னிடம் மட்டும் கேட்கவில்லை.)

நல்ல வாசம் பிடித்தால் இந்தப் பதற்றம் தணியும் என்று எங்கோ வாசித்திருந்தேன். லாவெண்டர் எண்ணெய்தான் வேண்டுமாம். நம்ம ஊர்ச் சரக்கு இருக்க வெளிநாட்டுப் பூ எதற்கு என்றது என் மேதாவி மூளை. கறுவா, ஏலக்காய், கராம்பு எண்ணெய்களை வாங்கி, ஆவி விடும் சின்ன மெஷினில் ஊற்றி, சோதனை நாளன்று மாமி காத்திருந்த அறையில் வைத்தேன்.

சற்று நேரத்தில் அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். இராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மாமி மூக்கை உறிஞ்சினார்.

"மகள், எங்க பிரியாணி ஆக்குறாங்க?"

"அது மருந்து, மாமி. நல்லா இழுத்து மூச்செடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அதிசயம்! மாமி கதிரையில் சாய்ந்து, கண் சொருகி, சிரித்த முகமாக இருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டொக்டரைக் கையோடு கூட்டி வந்தேன்.

"பாருங்க சேர், மருந்து ஊசி ஒண்டும் இல்லாமலே எவ்வளவு அமைதி!"

அப்போதுதான் மாமி ஏப்பம் விட்டார். நீண்ட, நிறைவான, மீன் ரோல்ஸ் மணக்கும் ஏப்பம்.

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் மெதுவாகக் கேட்டார். "அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ரெண்டே ரெண்டு ரோல்ஸ், மகன். கென்டீன்ல. மகள் வெச்ச மருந்துக்குப் பசி தாங்கேலாமப் போச்சி."

சாப்பிட்ட வயிற்றில் குழாயை இறக்கினால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அந்த ஏப்பம் மட்டும் வராமல் இருந்திருந்தால்! டொக்டர் மெஷினை அணைத்தார். "பிள்ளை, இதை வீட்டை கொண்டு போங்கோ" என்றார். சோதனை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது.

அந்த நாளில் என்னை வைத்தியசாலைப் பக்கமே வர வேண்டாம், லீவு போடு என்று கணவரே சொல்லிவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் அமிலத் தொல்லைதான் என்று தெரிந்து மாமி சந்தோஷமாக வீடு வந்தார்.

"பயமா இருக்கலியா மாமி?" என்றேன்.

"டொக்டரும் அதான் கேட்டார். இன்டைக்கி மருமகள் லீவு, இனி என்ன பயம் என்டு சென்னேன்."

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது இரத்தப் பரிசோதனைக்குப் போவதென்றாலும், முதலில் என் லீவு நாளைத்தான் விசாரிக்கிறார்கள்.