பாபா அனுப்பிய ஆள்

என் முகத்தைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்த காலம் ஒன்று உண்டு. குறிப்பாக மீசை. கடல் கடந்து வந்து வெலிங்டனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு அவ்வளவு பெரிய மீசை தேவையே இல்லை. ஆனாலும் குடையும் தொப்பியும் பறந்துபோகும் அந்த ஊர்க் காற்றில் அசையாமல் நின்றது அது ஒன்றுதான். (நானும்தான் என்று எழுத ஆசை. கோமதி இதைப் படித்துவிடுவாள்.)

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் கோமதியும் நானும் தத்தெடுக்க விண்ணப்பித்தோம். இரண்டு நாட்டு அலுவலகங்களும் எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியாததையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொல்கத்தாவில் பெஹாலா பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கும் நாலரை வயது ஜூயி எங்கள் மகள் என்று முடிவாயிற்று. நாங்கள் போவதற்கு மூன்று மாதம் முன்பே ஓர் ஆல்பம் அனுப்பச் சொன்னார்கள். குழந்தை தினமும் பார்த்து எங்கள் முகங்களைப் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

ஆல்பத்தை நான்தான் தயாரித்தேன். அட்டையில் நான். முதல் பக்கத்தில் நான். மீசை நன்றாகத் தெரிய வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு நான். கோமதி நாலாவது பக்கத்தில் வந்தாள். என் படத்துக்குக் கீழே வங்காளத்தில் 'பாபா', அதாவது அப்பா, என்று பெரிதாக அச்சிட்டேன். ஜூயி தினமும் அந்த அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள் என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்தபோது, கடிதத்தை அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாக எடுத்துப்போய்க் காட்டினேன்.

இதற்குப் பிறகு ஒருவன் என்ன செய்யக் கூடாது? அதைத்தான் செய்தேன். கொல்கத்தா போகும் வழியில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன்.

வேண்டுதல். பிள்ளை கிடைத்தால் முடி கொடுப்பதாக எப்போதோ சொல்லியிருந்தேன். கோமதி படித்துப் படித்துச் சொன்னாள். "ஏங்க, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து மொட்டை போடுங்க. அது உங்க போட்டோவைத்தானே மூணு மாசமாப் பார்த்துக்கிட்டு இருக்கு."

"சாமிக்கு முன்கூட்டியே கொடுத்துட்டா வேலை தடங்கல் இல்லாம முடியும். பிள்ளைக்கு மனசு தெரியும் கோமதி, முடியா தெரியும்?" என்றேன். (எவ்வளவு அழகான வசனம்! அதற்காகவே என்னை இரண்டு அறை விட்டிருக்கலாம்.) நாவிதர் மீசையையும் எடுக்கவா என்று கேட்டார். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

கொல்கத்தாவில் கோமதியின் அக்கா வீட்டில் தங்கினோம். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை முருகேசன், துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, ரிட்டையர் ஆன பிறகும் லேக் மார்க்கெட் பக்கத்தை விட்டு நகராதவர். வங்காளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்க்க அவரையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பெஹாலா போனோம்.

மாஷி, அதாவது ஜூயியை வளர்த்த ஆயாம்மா, அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சிவப்பு ஸ்வெட்டர், இரட்டைப் பின்னல், மார்போடு அணைத்த ஆல்பம். கோமதியைப் பார்த்ததும், "மா!" என்றாள். அப்புறம் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பாபா எங்கே?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவள் ஆல்பத்தைத் தூக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். விமான நிலையத்து அதிகாரிகூட என்னை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

"ஏட்டா ஆமார் பாபா நா," என்றாள். சகலை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இது என் அப்பா இல்லை என்பது எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

இல்லத்துப் பொறுப்பாளரான திதி சங்கடப்பட்டார். வெள்ளிக்கிழமை அரசு அதிகாரி வருவார். குழந்தையிடம் இவர் யார் என்று கேட்பார், இவரோடு போகிறாயா என்று கேட்பார். குழந்தை மறுத்தால் அன்று ஒப்படைக்க மாட்டார்கள். எத்தனை வாரம் தள்ளிப் போகும், ஃபைல் மறுபடி எங்கெங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. பதினோரு வருடக் காத்திருப்பை ஒரு சவரக்கத்தியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை பந்து கொண்டுபோனேன். பந்தை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வியாழக்கிழமை பொம்மைக்கும் அதே கதி. அன்று திரும்பி வரும்போது டாக்ஸியில் கோமதி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மீசைதானே சகலை பிரச்சினை? சித்பூர்ல நாடகக் கம்பெனிக்கு மீசை விக்கிறான். வாங்க," என்றார் முருகேசன்.

கடைக்காரர் ராஜாவா, கொள்ளைக்காரனா, ஜமீன்தாரா என்று கேட்டார். அப்பா என்று ஒரு ரகம் அவரிடம் இல்லை. ஜமீன்தாரை எடுத்துக்கொண்டேன். மொட்டையை மறைக்கச் சகலை தன் குரங்குக் குல்லாயைக் கொடுத்தார். டிசம்பர் மாதக் கொல்கத்தாவில் குரங்குக் குல்லாய் போட்டவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோமதி மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. அதிகாரி அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். ஜூயி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். மெதுவாகப் பக்கத்தில் வந்து, ஒரு விரலால் மீசையைத் தொட்டாள்.

"பாபா?"

அந்த ஒரு வார்த்தைக்கு என் உடம்பெல்லாம் கூசியது. சந்தோஷத்தாலா, வெட்கத்தாலா என்று தெரியவில்லை. அதிகாரி அம்மா புன்னகைத்துப் பேனாவை எடுத்தார். மாஷி மண் குவளையில் ஆவி பறக்கும் டீ கொடுத்தார். பதற்றத்தில் வாங்கி ஒரு வாய் குடித்தேன். ஜமீன்தார் மீசை டீயில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஜூயி மிதந்த மீசையை நுனியைப் பிடித்து எடுத்தாள். ஸ்வெட்டரில் துடைத்தாள். பிறகு அதிகாரி அம்மாவிடம் திரும்பிக் கடகடவென்று என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றேன்.

சகலை தொண்டையைச் செருமினார். "பாபாவோட மீசையை இந்த ஆளு எடுத்துக்கிட்டு வந்துட்டானாம். போலீஸைக் கூப்பிடச் சொல்றா."

குல்லாயைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நடிக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் அழுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குனிந்து ஏதோ கேட்டாள்.

"பாபா இதை உன்கிட்டக் கொடுத்து அனுப்பினாரா? அப்படின்னு கேக்குறா," என்றார் சகலை.

தலையாட்டினேன்.

"என்னை அவர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போவியா?"

அதற்கும் தலையாட்டினேன். அது பொய்யா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது.

இவரோடு போகிறாயா என்று அதிகாரி அம்மா கேட்டார். "ஜாபோ," என்றாள். போகிறேன். மீசையை ஆல்பத்துக்குள் பத்திரமாக வைத்தாள். இவர் யார் என்ற கேள்விக்கு எதிரே என்ன எழுதுவது என்று அதிகாரி அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பாபா அனுப்பிய ஆள் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியாதே. கடைசியில் குழந்தை விரும்பி உடன் செல்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெலிங்டனில் என் பெயர் 'நேடா காகு', அதாவது மொட்டைச் சித்தப்பா. காகுதான் பின்னல் போட வேண்டும். காகுதான் சோறு பிசைய வேண்டும். காற்றடித்தால் காகுவின் கோட்டுக்குள்தான் ஒளிந்துகொள்வாள். நானோ தினமும் கண்ணாடி முன்னால் நின்று முடியை அளந்துகொண்டிருந்தேன். முளைத்து முடியட்டும், பாபா வந்துவிடுவார் என்று நாளை எண்ணினேன். முடி வளர வளர அவள் என் தலையை அடிக்கடி தடவிப் பார்ப்பதைக் கவனித்தேன். ஆசையாகத் தடவுகிறாள் என்று நினைத்தேன்.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீசையை முறுக்கி, ஆல்பம் அட்டையில் இருக்கும் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆல்பத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஹாலுக்கு வந்தேன். "ஜூயி, யாரு வந்திருக்கா பாரு!"

பார்த்தாள். உதடு பிதுங்கியது. அதற்குள் கற்றிருந்த தமிழில் கேட்டாள்.

"பாபா வந்தாச்சு. காகு போயிடுமா?"

கோமதியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் ஜூயி தடவிய படத்தில் இருந்தவன் மேல் எனக்கு அத்தனை நாள் இருந்த பொறாமை அப்போதுதான் போயிற்று. நேராகக் குளியலறைக்குப் போனேன். அரை மணி நேரத்தில், இரண்டு இடத்தில் வெட்டுக் காயத்தோடு, மொட்டையாக வெளியே வந்தேன். ஜூயி என் தலையை இரண்டு கையாலும் தேய்த்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

"பாபா மெதுவா வரட்டும்," என்றாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எந்த நாளிலிருந்து என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று குறித்துவைக்கவில்லை. நல்லபடியாக இருக்கும் எதையாவது நான் மாற்றப் போனால், "பாபா மெதுவா வரட்டும்ப்பா," என்பாள். கோமதியும் சேர்ந்துகொள்வாள். மாதம் இரண்டு முறை தலையை மழிக்கிறேன். அலுவலகத்தில் யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, எனக்குக் குளிர் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் ஆல்பத்தைப் பார்த்து, இந்த மீசைக்காரர் யார் என்று கேட்பார்கள். ஜூயி முகத்தை இம்மி அசைக்காமல் சொல்வாள்:

"அது எங்க அப்பா. இன்னும் வரலை. இவரு அவர் அனுப்பின ஆளு."

ஆள் எழுந்து போய், வந்தவர்களுக்குக் காபி போடுவான்.