வாழ்த்துச் செயலியின் மாபெரும் வெற்றி

குடிநீர் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் இயக்குநரின் சிரித்த முகமும் குரலும் கணினியிலிருந்து வரவேற்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. தண்ணீர் வராவிட்டாலும் வணக்கமாவது வரட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அந்த வாழ்த்துச் செயலியை லினக்ஸ் கணினியில் நிறுவும் பொறுப்பு டைப்பிஸ்ட் தலையில் விழுந்தது. அவளுக்கோ அன்று அதைவிடப் பெரிய கவலை. கணவனும் சின்ன மகளும் வேறு ஊரில். அங்கே போக நடையாய் நடந்து வாங்கிய இடமாற்ற உத்தரவை அந்தக் கணினியில்தான் அச்சிட வேண்டும். மாலை ஆய்வுக்கு வரும் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும்.

செயலியை ஏற்றும்போது கணினி நிதானமாகக் கேட்டது: இதை நிறுவினால் திரைக் காட்சி, மவுஸ், பிரிண்டர் ஆகிய அத்தியாவசியங்கள் நீக்கப்படும், சம்மதமா? அவள் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மேலிடத்துச் செயலி கேக்குது. நாம இல்லைன்னு சொல்ல முடியுமாம்மா?" என்றார் அவர்.

அந்த அலுவலகத்தில் பொதுமக்களைத் தவிர வேறு யாரிடமும் 'இல்லை' என்று சொல்லும் வழக்கமில்லை. அவள் சம்மதம் என்று தட்டினாள். திரை கறுத்தது. இயக்குநரின் முகமும் அதோடு போயிற்று. குரல் மட்டும், "வணக்கம், உங்களுக்குச் சேவை செய்வதே எங்கள் மூச்சு" என்றது.

மேலாளர் கணினிமேல் துணி போர்த்திவிடலாம் என்றார். அவள் கேட்கவில்லை. கறுப்புத் திரையிலேயே வெறும் எழுத்துக் கட்டளைகளைத் தட்டி உள்ளே நுழைந்து, நீக்கப்பட்டவை எவை என்று கணினி குறித்து வைத்திருந்ததைப் பார்த்து, செயலியைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். உத்தரவு அச்சாகி வந்தபோது அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மாலையில் இயக்குநர் வந்ததும் தன் குரலைத்தான் தேடினார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்காது சார். ஒண்ணு உங்க வாழ்த்து, இல்லைன்னா ஆபீஸ் வேலை" என்றாள்.

இயக்குநர் தீர யோசித்தார். "வேலைய நாளைக்குக்கூடப் பாக்கலாம்" என்றார். பிறகு உத்தரவை வாங்கிப் படித்து, மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கறுப்புத் திரையில வேலை பாக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. உங்கள எப்படிம்மா அனுப்புறது?"

செயலி மறுபடி ஏறியது. திரை கறுத்து, குரல் வணக்கம் சொன்னது. தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள் பதில் வணக்கம் சொன்னார்கள். இந்த அலுவலகத்தில் தன்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை என்று ஒருவர் கண்கலங்கினார். மகளை நினைத்து டைப்பிஸ்டும் கண்கலங்கினாள். கண்கலங்கியவர்கள் இருவர் என்று மேலாளர் வெற்றி அறிக்கை சொல்லச் சொல்ல, அவளே அதைக் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்தாள்.