எஸ்தருக்கு நான் வழிகாட்டிய கதை

என் மனைவியின் ஓவிய வாழ்க்கையைக் கெடுத்தவன் குடிகாரன் அல்ல, சந்தேகப் பிராணியும் அல்ல. அவளுக்கு உதவி செய்யக் கிளம்பிய நல்லவன். அந்த நல்லவன் நான்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுவது, மாதிரி அனுப்புவது, அவன் திட்டினால் 'நோட்டட் சார்' என்று பதில் எழுதுவது. இந்த அனுபவத்தை வைத்து உலகத்தில் எதையும் விற்றுவிடலாம் என்று நம்பினேன். (நாலு பேர் 'சார்' என்று கூப்பிட்டால் வருகிற வியாதி இது.)

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் வரைவாள். அப்போது வேலூரில் ஒரு டிரஸ்ட், கலைஞர்கள் கலையை வைத்தே பிழைப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தது. விலை சொல்வது, ஒப்பந்தம் போடுவது, வாங்க வருகிறவரிடம் பேசுவது எல்லாம் சொல்லித் தருவார்கள். ஒன்பது பேரை எடுத்தார்கள், அதில் எஸ்தரும் ஒருத்தி. முடிவில் சென்னையில் ஒரு கேலரியில் கண்காட்சி. அங்கே தேர்வாகும் ஒருவருடைய படைப்புகளை ஒரு வருஷம் அந்த கேலரியே விற்றுத் தரும். அது கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைவது என்று எஸ்தர் முடிவு செய்திருந்தாள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. எஸ்தருக்கு, சென்னையில் இருபது வருஷமாகப் படம் விற்கிற ஓர் அம்மாவைக் கொடுத்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்லயே எக்ஸ்போர்ட் ஆளு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?"

"அவங்களுக்குப் படத்தப் பத்தித் தெரியும்ங்க."

"ஷூவோ படமோ, பையர் பையர்தான். நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நாள் எஸ்தர் அந்த அம்மாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அவள் நினைத்திருக்கிறாள். என் திறமையை ஒப்புக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாள். ஒரே படம்தான், ஆனால் இரண்டு சட்டங்களில். பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். இடது பக்கம், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண். வலது பக்கம், பஸ் படியில் நின்று அவளைத் தூக்கிவிடக் கை நீட்டுகிற பெண்கள். அதில் ஒரு கை, ஷூ கம்பெனியில் மெஷின் தைத்த எஸ்தரின் அம்மாவுடையது. விரலில் தையல் மெஷின் ஊசி ஏறிய தழும்பு வரைக்கும் போட்டிருந்தாள்.

அனுப்ப வேண்டிய நாளில் அவளுக்குப் பரீட்சை டியூட்டி. "பேக்கிங் நீங்கதான் நல்லா செய்வீங்க" என்று என்னை நம்பி விட்டுப் போனாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையருக்கு ஷூ மாதிரி அனுப்பும்போது ஜோடியாக அனுப்ப மாட்டோம். ஒற்றைக் கால்தான். ஜோடியாகப் போனால் வழியில் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஒற்றைக் கால் ஷூவை எந்தத் திருடன் தொடுவான்? பையருக்கும் பார்த்துப் பிடித்துப்போக ஒன்று போதும்.

ஆகவே வலது பாதியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இடது பாதியை மூன்று சுற்று அட்டை வைத்து, மூலைக்கு மூலை பஞ்சு வைத்து, பிரமாதமாகப் பேக் செய்தேன். சட்டத்தில் 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு ஸ்டிக்கர் வேறு. பார்சலில் என் போன் நம்பரைத்தான் எழுதியிருந்தேன்; அடுத்த வாரம் சென்னையிலிருந்து நாலு தடவை போன் வந்தது. நான் எடுக்கவே இல்லை. கொஞ்சம் ஏங்கட்டும், அப்போதுதான் மதிப்பு ஏறும் என்று விட்டுவிட்டேன். (என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதுவும் கம்பெனியில் நிறையவே கிடைக்கும்.)

கண்காட்சி அன்றைக்கு வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் சென்னைக்குப் போனோம். என் மாமனார் புதுச் சட்டை போட்டிருந்தார். எஸ்தர் கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். உள்ளே போனால், சுவரிலும் மேஜையிலுமாக எட்டுப் பேருடைய படைப்புகள். எஸ்தரின் படம் ஸ்டோர் ரூம் கதவோரம் தரையில் சாய்ந்திருந்தது.

கேலரி மேனேஜர் என்னிடம் வந்தார். "சார், இன்னொரு பாதி எங்க? ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கு. எத்தனை தடவை கூப்பிட்டோம்!"

நான் கம்பீரமாகச் சொன்னேன்: "இது சாம்பிள் சார். நீங்க அப்ரூவ் பண்ணா மீதிய அனுப்பிடுவோம். எத்தினி ஜோடி வேணும்?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மாமனார் "அய்யோ மாப்ள" என்று தலையில் கை வைத்தார். எஸ்தர் மட்டும் என் கையைப் பிடித்தாள்.

"இன்னொன்னு எங்கங்க?"

"பீரோல. பத்திரமா இருக்கு. சாவி என்கிட்டதான்."

தேர்வு செய்கிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆம்பூர் போய்த் திரும்ப எட்டு மணி நேரம் ஆகும். எஸ்தர் மேனேஜரிடம், "மன்னிச்சிக்குங்க சார், தப்பு என்னுதுதான். எனக்குக் குடுத்த வழிகாட்டிய நானே வேணாம்னுட்டேன்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றபோது வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நெமிலியிலிருந்து வந்த களிமண் சிற்பி ஒருவர் தேர்வானார். எஸ்தர் வேண்டாம் என்ற அந்த அம்மாதான் அவருக்கு வழிகாட்டி. எஸ்தர் போய் இரண்டு பேருக்கும் கை கொடுத்தாள். திரும்பி வரும்போது வேனில் கட்டிக்கொண்டு போன பிரியாணியை யாரும் பிரிக்கவில்லை.

குடும்பத்தில் இன்றைக்கும் எனக்கு விடுதலை இல்லை. கல்யாணப் பந்தியில் மச்சான் என் இலையில் ஒரே ஒரு துண்டுக் கறியை வைத்து, "சாம்பிள். அப்ரூவ் பண்ணுங்க, மீதி வரும்" என்பான். மொய்க் கவர் கொடுத்தால் மாமனார் பிரித்து, "முழுசாதான் இருக்கு" என்று ஊருக்கே அறிவிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எஸ்தரும் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

அவள் வரைவதை விடவில்லை. பள்ளிக்கூட வேலையையும் விட முடியவில்லை. படம் பற்றிப் போன் வந்தால் மட்டும் மாடிக்குப் போய்விடுவாள். போன மாதம் எதிர்வீட்டு சபீஹா என்னை நிறுத்தி, "அண்ணா, பெங்களூர்ல எஸ்தர் படத்தல்லாம் மாட்டியிருக்காங்களாமே! வீடியோ அனுப்புச்சி. ரொம்ப சந்தோஷம். நீங்க போவலியா?" என்றாள்.

"வேலை ஜாஸ்திம்மா" என்றேன். பிறகு, அந்த வீடியோவைக் கொஞ்சம் காட்டச் சொல்லி, அவள் போனிலேயே பார்த்தேன்.