நரி முகத்தில் விழித்த சாயங்காலம்

நான் ஒரு நரியைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். கோயிலில்கூடச் செருப்பைக் கழற்றும்போதே பாதி வேண்டுதலை முடித்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு அந்த நரியின் முன்னால் கண்ணை மூடி, மனமுருகி, வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு நின்றேன். அதைப் பார்க்கவே கூடாத மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

அப்போது பிள்ளைப்பாக்கத்தில் ஊரின் கடைசி வீட்டு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவன். கீழே வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா. வல்லம் வடகாலில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை. வீட்டுக்குப் பின்னால் மனை பிரித்துக் கல் நட்ட வெற்று நிலம், கல்லுக்குக் கல் சீமைக்கருவேலம், அதற்கப்பால் ஏரி. மனை வாங்கியவர்கள் யாரும் வீடு கட்டவில்லை. நரிகள்தான் குடிவந்திருந்தன. (பால் காய்ச்சினார்களா என்று தெரியவில்லை.)

"நரி கெடக்காம்லா அக்கா, பயமா இருக்காதா?" என்று வந்த அன்றே கேட்டேன்.

"அது பாட்டுக்கு அது கீது, நாம பாட்டுக்கு நாம கீறோம். கோழிய அஞ்சு மணிக்கே அடைச்சுடணும். செருப்ப வெளிய வுடாத. அவ்ளோதான்."

செருப்பு விஷயத்தை நான் நம்பவில்லை. மூன்றாம் வாரம் இடது கால் செருப்பைக் காணோம். பிறகு நாற்பத்தோராம் மனையில் கண்டெடுத்தேன். குட்டிகள் ஓரம் முழுக்கக் கடித்து விளையாடியிருந்தன. வலது கால் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், பிள்ளைகள்தானே.

எங்கோ ஒரு கம்பெனியில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் சங்கு ஊதும். அது ஓய்ந்ததும் ஏரிப் பக்கம் ஒரு நரி தொடங்கும். இன்னொன்று சேரும். பிறகு நிலம் முழுவதும் மெல்ல ஊளையிடும். அந்த நேரத்துக்கு ஒரு நிறம் உண்டு, சாம்பலும் இல்லாமல் நீலமும் இல்லாமல். மனைக்கற்கள் அதில் மிதப்பதுபோலத் தெரியும். நடுவே ஒரு நரி ஓசையில்லாமல் கடந்து போகும், எந்தக் கல்லையும் எல்லையாக மதிக்காமல். நைட் ஷிப்ட் முடிந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விழித்திருக்கிறேனா, தூங்கிவிட்டேனா என்று எனக்கே தெரியாது. ஊரை நினைத்து ஏங்காமல் அந்த வருடங்களைக் கடத்தியதில் அந்த நரிகளுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த நைட் ஷிப்ட்தான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. "ராத்திரி வீட்டில தங்காத மாப்பிள்ளை எதுக்கு" என்று இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. மூன்றாவது இடம் மாரிச்செல்வி. எங்கள் பக்கத்துக் குடும்பம்தான், படப்பைக்கு வந்து வெகுநாள் ஆகிறது. அவளும் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த அடக்கிய சிரிப்பைப் பார்த்த நாள்முதல், இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று தவித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அப்பா வந்து பேசுவதற்கு முன்னால் பையனையும் அறையையும் ஒரு பார்வை பார்க்க வருகிறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, அறையைக் கழுவி, சட்டையைத் தேய்த்து மாட்டி, மதியம் படுத்தேன். முகம் தெளிவாக இருக்க வேண்டுமே என்று போனையும் அணைத்துவிட்டேன்.

"அஞ்சு மணிக்கு நான் எழுப்புறேன். மூஞ்சி கழுவிகினு மாப்ள கணக்கா ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார் ஸ்டெல்லா அக்கா. அங்கே யாரோ வராமல்போக, அக்காவை ஓவர்டைமில் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது.

சங்குச் சத்தத்தில் விழித்தேன். நரிகள் ஊளையிட்டன. ஜன்னலில் அதே நிறம். கீழே அக்கா வீடு பூட்டியிருந்தது, காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார் போல. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (எதுவுமே விளங்கவில்லை என்பது பிறகு விளங்கியது.) விடிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வந்து, கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். நைட் ஷிப்டும் போயிற்று. போனை ஆன் செய்தால் அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும், அதற்குத் தைரியம் இல்லை. மனசு விட்டுப்போயிற்று. பழக்கதோஷத்தில் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு, லுங்கியோடு மனைப் பக்கம் நடந்தேன்.

நாற்பத்தோராம் கல்லின் அருகே நின்றது அது. என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். யாருக்காவது திடீரென்று நல்லது நடந்தால் எங்கள் ஊரில், "காலையில நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பார்கள். பிரஷ்ஷை வாயிலேயே கடித்துக்கொண்டு இரண்டு கையையும் குவித்தேன். எப்படியாவது அவர்களைத் திரும்ப வரவழைத்துவிடு சாமி.

பின்னால் ஆட்டோச் சத்தம் கேட்டது. திரும்பினால், மாரிச்செல்வியின் அம்மா. ஆட்டோ ஓட்டிவந்த அவள் தாய்மாமன். பின்சீட்டில், போட்டோவில் பார்த்த அதே முகம். நரியின் வேகத்தை நினைத்து மெய்சிலிர்த்துப்போனேன்.

"மன்னிச்சிருங்க அத்தை" என்று பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு நுரை தெறிக்க ஓடினேன். "நேத்து தூங்கிட்டேன். விடியக்காலையிலேயே மறுபடி வந்திருக்கியளே."

"விடியக்காலையா?" என்று அத்தை இரண்டடி பின்வாங்கினார். அவர் பார்வை என் வாய் நுரைக்குப் போனது, நைட் ஷிப்டில் சிவந்த கண்ணுக்குப் போனது, எனக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருந்த நரிக்குப் போனது. "ஏ தம்பி, இவன நரி கடிச்சிருக்குடா."

"கிட்ட போவாதக்கா" என்றார் மாமன். "தண்ணியக் காட்டிப் பாக்கலாம். வெறி கீதுன்னா தண்ணியக் கண்டா பயப்படுவான்."

அந்தப் பேச்சு அப்போது என் காதில் விழவில்லை. மாமன் தூரத்தில் நின்றபடி ஒரு பாட்டிலை நீட்டினார். வந்தவர்களிடமே தண்ணீர் வாங்கி, பெரியவர்கள் முன்னால் கொப்புளித்துத் துப்புவதா? எவ்வளவு மரியாதைக் குறைவு. இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துப் பின்னால் நகர்ந்தேன்.

"பாத்தியா, பயப்படுறான்" என்றார் மாமன். அத்தை ஆட்டோவுக்குள் ஏறி, இல்லாத கதவைச் சாத்தத் தேடினார்.

மாரிச்செல்வி இறங்கி வந்தாள். மாமன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "வாயக் கொப்புளிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போனைக் காட்டினாள். மணி ஆறு பத்து. "இது சாயங்காலம். இன்னிக்கு இன்னும் முடியல."

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அந்த ஒரு நொடியில் ஒரு நாள் முழுவதும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள். "நான் போன மாசம் நைட் முடிச்சுட்டு வந்து தூங்கி எழுந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் தெளிச்சு கோலம் போட்டேனே. என்னையும் நரி கடிச்சுதாம்மா?"

அத்தை தலையை மட்டும் வெளியே நீட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆட்டோவுக்குள்ளிருந்தே, "புள்ளிக் கோலம் வேற" என்றார்.

அந்தச் சொல்லில்தான் என் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் இப்போதும் அதே வீட்டில்தான், அதே மாடியில். இருவருக்கும் நைட் வருகிற வாரத்தில், ஊளைக்கு விழித்ததும் முதலில் கேட்கும் கேள்வி "காலையா, சாயங்காலமா?" என்பதுதான். தெரியாவிட்டால் இருவரும் படியில் உட்கார்ந்து, வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

மாமியார் வீட்டுக்குப் போனால் எல்லா மாப்பிள்ளைக்கும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். எனக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் சொம்பை வாங்கியதும் பேச்சு நின்றுவிடும், டிவியின் சத்தம் குறையும், நான் கடைசிச் சொட்டுவரை குடித்துக் கீழே வைக்கிறவரை மொத்தக் குடும்பமும் என்னையே பார்க்கும். பிறகு மாமன் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "குடிச்சுட்டாருக்கா, சோறு போடு."