அக்காவுக்கு, அட்ஜஸ்ட் விஷயமாக

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மறுக்கிறது. உன் முழங்கால் வலியைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் என் வலியைக் கேள்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு மேஜை, காலையில் நிம்மதியாகப் பேப்பர், இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. தச்சர் ஓர் அலமாரியைச் செய்து கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் அறைக் கதவு பாதிதான் திறக்கிறது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார், ஒருக்களிச்சு நுழைஞ்சா தாராளமா போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். என் தொப்பை அவர் கண்ணில் படவில்லை போலும். பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது என்று டெய்லரிடம் போனால், அவர் என் மூச்சை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார். பஸ்ஸில் இருவர் சீட்டில் மூன்றாவதாக ஒருத்தர் "அட்ஜஸ்ட்" என்றபடியே உட்கார்ந்து என்னை ஜன்னலோடு அப்பிவிட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டு ஓனரிடம் சொன்னேன், அதற்கும் அதே வார்த்தைதான். தண்ணீரே இல்லாமல் எதை அக்கா அட்ஜஸ்ட் பண்ணுவது? எதையாவது திருகிச் சரிசெய்வதற்கு இங்கிலீஷ்காரன் வைத்திருந்த சொல். நம் ஆட்கள் கையில் கிடைத்ததும் மனுஷனைத் திருக ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில், நீ பார்த்து முடித்துவைத்த சம்பந்தத்திலிருந்து என் மகள் பெட்டியோடு வந்து நிற்கிறாள். அறை அவளுக்குப் போய்விட்டது, நான் ஹாலில் கிடக்கிறேன். ஏன் வந்தாய் என்றால், "அந்த வீட்ல இத்தனை பேர் இருக்காங்கப்பா, நான் ஒருத்திதான் அட்ஜஸ்ட் பண்றேன்" என்கிறாள். வேலையை விடச் சொன்னார்களாம். விட்ட பிறகு, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று குத்திக் காட்டினார்களாம். உலகத்தில் நடக்காததா? மாப்பிள்ளை தங்கமான பையன், வாயே திறக்க மாட்டார். அதுதான் குறையாம். எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். நீ உடனே புறப்பட்டு வந்து, பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளை நீயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டால் குடும்பம் ஓடிவிடும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். முழங்காலை விசாரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த தம்பி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறையில் போடுவதற்குள் மகள் படித்துவிட்டாள். "அட்ஜஸ்ட் பண்ணா குடும்பம் எப்படி ஓடும்னு அம்மாகிட்ட கேட்டுட்டு அனுப்புங்கப்பா" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரி அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், தான் அட்ஜஸ்ட் பண்ணியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சமையல் அப்படியே நிற்கிறது. குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷத்தையே இன்னும் சொல்லி முடிக்கவில்லை. மகள் இங்கேயே இருக்கட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளட்டும். நீ வர வேண்டாம் அக்கா. இரண்டாம் வருஷத்தில் நீ வருகிறாயாம்.